கால் வராமல் போன சாயங்காலம்

எனக்கு எழுபத்தொரு வயது ஆகிறது. ஏழு பேரை வளர்த்து ஆளாக்கியிருக்கிறேன். பெற்றது நான்கு, மீதி மூன்றும் கொழுந்தனார் விட்டுவிட்டுப் போன பிள்ளைகள். எது நான் பெற்றது, எது பெறாதது என்று வெளியாள் பார்த்தால் சொல்ல முடியாது. எல்லாமே என்னை ஒரே மாதிரிதான் எதிர்த்துப் பேசும்.

எனக்குப் படிப்பு இரண்டாம் வகுப்போடு சரி. கையெழுத்துப் போடுவேன், பஸ்ஸில் ஊர்ப் பெயரை எழுத்துக் கூட்டிப் படிப்பேன். அதனால் நான் சொல்லச் சொல்லப் பேத்தி எழுதுகிறாள். நான் பேசுகிற மாதிரியே எழுதினால் நன்றாக இருக்காதாம். புத்தகத்தில் வருகிற மாதிரி மாற்றிக்கொள்கிறேன் என்றாள். என் பேச்சை எப்படி வேண்டுமானாலும் மாற்றிக்கொள், ஆனால் மற்றவர்கள் சொன்னதை மட்டும் மாற்றாதே, அதை மாற்ற அவர்கள் யாரும் இப்போது இல்லை என்று சொல்லியிருக்கிறேன்.

போன மழைக்காலத்தில் குளியலறையில் வழுக்கி விழுந்து எனக்கு இடுப்பு முறிந்தது. தகடு வைத்துத் தைத்தார்கள். பகலில் மருமகள் பார்த்துக்கொள்கிறாள். இரவுக்கு ஏஜென்சியிலிருந்து ஒரு பெண் வருகிறாள். நசரத்பேட்டையிலிருந்து இரண்டு பஸ் மாறி வந்து, நான் தூங்கும்போது என்னைப் புரட்டிவிட்டு, தண்ணீர் கொடுத்து, ஒன்றுக்குப் போகப் பேசினைப் பிடித்து, விடிந்ததும் போய்விடுகிறாள். தெருவில் சிலர், "அப்போ ராத்திரிக்கு ஆளு வெச்சிட்டாங்களா?" என்று இழுத்து இழுத்துக் கேட்கிறார்கள். எனக்கு இதில் வெட்கம் ஒன்றுமில்லை. இப்போதுதான் கண்டுபிடித்ததுபோல இதற்கு ஒரு சட்டை தைத்துக் கொடுத்து, கழுத்தில் அட்டையும் மாட்டி அனுப்புகிறார்கள். எங்கம்மா இந்த வேலையை எனக்கு ஏழு வயதாக இருந்தபோதே செய்தாள். சட்டையும் கிடையாது, அட்டையும் கிடையாது.

இந்தப் பெண்ணுக்கு ஒரு சின்ன மகள் இருக்கிறாள். இங்கே வந்ததும் செல்போனைத் தண்ணீர்ச் சொம்பில் சாய்த்து வைத்து, மகள் தூங்குகிற வரைக்கும் அதன் எதிரில் முகத்தை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பாள். "கொழந்தய இங்கியே இட்டாந்துடேன், ஒரு மூலையில படுத்துக்கட்டும்" என்றேன். ஏஜென்சியில் ஒத்துக்கொள்ள மாட்டார்களாம். அதைக் கேட்டது முதல் எனக்கு ஒரு சாயங்காலம் ஞாபகத்தில் வந்து உட்கார்ந்துகொண்டு போகமாட்டேன் என்கிறது. அதைத்தான் சொல்லப்போகிறேன்.

அப்போது நாங்கள் நெமிலிச்சேரியில் இருந்தோம். இப்போது போல வீட்டின்மேல் வீடு கிடையாது. ஏரி, ஏரிக்குக் கீழே வயல், வயலைத் தாண்டி ரயில்பாதை. அதற்கும் அப்பால் ஆவடிப் பக்கத்தில் ஃபாக்டரி வந்த புதிது. ஃபாக்டரியில் வேலை செய்ய மதுரை, திருநெல்வேலி, கோயம்புத்தூர் என்று எங்கெங்கிருந்தோ ஆட்கள் குடும்பத்தோடு வந்து குவார்ட்டர்ஸில் குடியேறினார்கள். அவர்கள் பேசுவது எங்களுக்குப் பாட்டு மாதிரி இருக்கும். நாங்கள் பேசுவது அவர்களுக்குச் சண்டை மாதிரி இருந்ததாம்.

அதில் திருநெல்வேலிக்காரர் ஒருவருடைய மனைவிக்கு இடுப்புக்குக் கீழே வராது. பிள்ளை பெற்றபோது வந்த காய்ச்சலில் கால்கள் போய்விட்டன. வீட்டுக்காரருக்கு ராத்திரி ஷிப்டு. பகலில் அவர் பார்த்துக்கொள்வார். ராத்திரிக்கு ஆள் வேண்டும். அந்த வருஷம் ஏரி நிரம்பவில்லை, எங்கள் வயல் காய்ந்து கிடந்தது. யாரோ சொல்லி அம்மா அந்த வேலைக்குப் போனாள்.

சேர்க்கும்போதே அந்த வீட்டுக்காரர் ஒன்று கண்டிப்பாகச் சொல்லியிருந்தார். பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு வரக் கூடாது. அம்மாவுக்கு முன்னால் வந்தவள் கைக்குழந்தையோடு வந்து, அது அழுகிறது என்று ராத்திரி முழுக்க அதையே பார்த்துக்கொண்டிருந்தாளாம். கட்டிலில் கிடந்தவர் ஒரே பக்கமாகக் கிடந்து முதுகில் புண் வந்துவிட்டது. அவர் சொன்னதில் நியாயம் இருந்தது. ஏழு வயதில் எனக்கு அந்த நியாயம் எதற்கு?

எனக்கு அதுவரைக்கும் அம்மா பக்கத்தில் படுத்துத்தான் பழக்கம். அம்மாவின் இரண்டு கெண்டைக்கால்களுக்கு நடுவில் என் ஒரு காலை நுழைத்துக்கொண்டால்தான் தூக்கம் வரும். அம்மா வேலைக்குப் போனதிலிருந்து அண்ணன்களோடு நைனா பக்கத்தில் படுக்கவைத்தார்கள். அப்பாவை நைனா என்றுதான் கூப்பிடுவோம். நல்ல மனிதர். ஆனால் நைனாவின் கால்களுக்கு நடுவில் காலை நுழைத்தால், பாம்பு என்று நினைத்து உதறுவார்.

தினமும் வெயில் தாழ்ந்ததும் அம்மா தலையை முடிந்துகொண்டு கிளம்புவாள். நான் ஏரிக்கரை வரைக்கும் அழுதுகொண்டே ஓடுவேன். அம்மா திரும்பிப் பார்க்கவே மாட்டாள். எவ்வளவு கல்நெஞ்சு என்று நினைத்துக்கொள்வேன்.

அம்மாவின் தம்பி, எங்கள் மாமா, பட்டாபிராமில் ஒரு சைக்கிள் கடையில் வேலை செய்தார். வாயைத் திறந்தால் யாரையாவது வம்புக்கு இழுக்காமல் மூடமாட்டார். ஒருநாள் நான் கரையிலிருந்து மூக்கை உறிஞ்சிக்கொண்டு திரும்பி வந்தபோது அவர் எங்கள் வாசலில் உட்கார்ந்திருந்தார்.

"இன்னாடி, டெய்லி ஒப்பாரி வெச்சிகினு கீற?"

"அம்மா எங்கூடப் படுக்க மாட்டேங்குது மாமா."

"அது எப்படிப் படுக்கும்? உங்கம்மா கால் வராதவங்களைத்தான் பாத்துக்கும். உனுக்குத்தான் ரெண்டு காலும் குதிரை மாதிரி கீதே. உன்னிய எதுக்குப் பாக்கணும்?"

சொல்லிவிட்டு அவரே சிரித்துக்கொண்டு சைக்கிளை எடுத்துக்கொண்டு போய்விட்டார். எனக்குச் சிரிப்பு வரவில்லை. இத்தனை நாளாக யாருக்கும் தோன்றாத வழியை மாமா சொல்லிக்கொடுத்துவிட்டதாகத் தோன்றியது.

மறுநாள் அம்மா கிளம்பும் நேரம் பார்த்து நான் சுவரோரமாகப் படுத்துக்கொண்டேன். வலது காலைத் தொட்டுக் காட்டி, கால் வரவில்லை என்றேன். முதலில் யாரும் காதில் வாங்கவில்லை. பெரியண்ணன் வந்து இழுத்துப் பார்த்தான். துணி மூட்டை மாதிரி சரிந்தேன். நைனா வந்தார். தூக்கி நிறுத்தினார், மடங்கி விழுந்தேன். அவ்வளவுதான், அவர் முகம் வெளுத்துவிட்டது. குவார்ட்டர்ஸுக்குப் போய்ப் போய் அந்த நோய் வீட்டுக்கு ஒட்டிக்கொண்டு வந்துவிட்டதாக நினைத்துவிட்டார்.

"ஐயோ, கொழந்தைக்குக் கால் வரலையே! நான் அப்பவே சொன்னேன் அந்த ஊட்டுக்குப் போவாதன்னு! எம்மா, கங்கையம்மா, உனுக்குக் கூழ் ஊத்தறேன், எம்பொண்ணு நடக்கணும்!"

மாமாவும் அந்த நேரத்துக்குச் சரியாக வந்து சேர்ந்தார். என்னை ஒரு பார்வை பார்த்தார். அவருக்குப் புரிந்துவிட்டது. ஆனால் வெளியே சொன்னால் யோசனை கொடுத்தவர் அவர்தான் என்பதும் வெளியே வந்துவிடும். நைனா கையில் அப்போது மாட்டுக்கயிறு வேறு இருந்தது.

"புத்தூருக்குத் தூக்கினு போயி கட்டுப் போட்டுடலாம் மாமா" என்று நைனாவிடம் சத்தமாகச் சொன்னார். என்னைப் பயமுறுத்தத்தான். "முட்டியைப் புடிச்சி ஒரு திருப்புத் திருப்புவாங்க பாரு, ஏழூருக்குக் கேக்கும்."

நான் கண்ணை இறுக்கி மூடிக்கொண்டேன். அசையவில்லை.

அம்மா கிணற்றடியிலிருந்து ஈரக்கையோடு வந்தாள். யாரிடமும் எதுவும் கேட்காமல் என் பக்கத்தில் குந்தினாள். முட்டியிலிருந்து விரல் வரைக்கும் மெதுவாக அழுத்திக்கொண்டே வந்தாள். அந்த வேலையில் பழகிய கை. பிறகு தலையைத் திருப்பி மாமாவைப் பார்த்தாள். மாமா கூரையில் எதையோ பார்த்தார்.

"ஆமா. கால் வரல இதுக்கு" என்றாள் அம்மா. "நான் கூடவே தூக்கினு போறேன். ராத்திரிக்கி எண்ணெய் தேச்சிப் பாக்கறேன்."

"அங்க கொழந்தய உட மாட்டாங்களே?" என்றார் நைனா.

"நடக்கற கொழந்தயத்தான் உட மாட்டாங்க."

என்னை அள்ளி இடுப்பில் வைத்துக்கொண்டாள். ஏழு வயதுப் பெண்; இடுப்பில் உட்கார்ந்தால் என் கால்கள் அவள் முழங்காலுக்குக் கீழே தொங்கின. அண்ணன்கள் இருவரும் வாயைப் பிளந்துகொண்டு நின்றார்கள். அவர்களைப் பார்த்துச் சிரிக்கக் கூடாதென்று அம்மாவின் கழுத்தில் முகத்தைப் புதைத்துக்கொண்டேன்.

ஏரிக்கரையில் ஏறினோம். தண்ணீர் எங்கோ நடுவில் ஒரு தட்டு மாதிரி கிடந்தது. நீர்க்காக்கைகள் பனைமரத்துக்குத் திரும்பிக்கொண்டிருந்தன. அம்மாவின் மேல் வைக்கோலும் வியர்வையும் கலந்த ஒரு வாசனை. எப்போதும் அதிகம் பேசாதவள் அன்றைக்குப் பேசிக்கொண்டே வந்தாள். இது உன் தாத்தா உழுத வயல், இந்த மதகில்தான் உன் பெரியண்ணன் விழுந்தான், நீ பிறந்த அன்றைக்கு இந்தக் கரை வரைக்கும் தண்ணீர் தளும்பியது என்று ஒவ்வொன்றாகச் சொன்னாள். நான் பிறந்ததைப் பற்றி அம்மா வாயால் கேட்டது அன்றைக்குத்தான்.

கரை இறங்கும் இடத்தில் எங்கள் ஊர் வண்டிக்காரர் வைக்கோல் வண்டியோடு எதிரில் வந்தார். என் கதையைக் கேட்டுவிட்டு இரக்கப்பட்டார்.

"ஏறிக்கோம்மா, வண்டியத் திருப்பிகினு போயி குவார்ட்டர்ஸ் கேட்டாண்ட உட்டுடறேன். எவ்ளோ தூரம் சொமப்ப?"

"இருக்கட்டும் அண்ணாத்தே. கிட்டதான்."

கிட்ட ஒன்றுமில்லை. அங்கிருந்து இன்னும் ரயில்பாதையைத் தாண்டி, வேலமரங்களைத் தாண்டி, தார் ரோட்டைப் பிடித்து நடக்க வேண்டும். எனக்கோ சந்தோஷம். வண்டியில் ஏறினால் இறக்கி வைத்துவிடுவாளே.

ரயில்பாதைக்குப் பக்கத்தில் நின்று என்னை இந்த இடுப்பிலிருந்து அந்த இடுப்புக்கு மாற்றிக்கொண்டாள். மூச்சு வாங்கியது.

"எந்தக் காலுடி வரல?"

"இது" என்று இடது காலைக் காட்டினேன்.

அம்மா அந்தக் காலைப் பார்த்தாள். "ம்" என்றாள். பிறகு நடந்தாள். வீட்டில் நான் காட்டியது வலது கால் என்பது எனக்கு குவார்ட்டர்ஸ் வந்த பிறகுதான் ஞாபகம் வந்தது. நல்ல வேளை, அம்மா கவனிக்கவில்லை என்று தேற்றிக்கொண்டேன்.

குவார்ட்டர்ஸ் வாசலில் வீட்டுக்காரர் ஷிப்டுக்குப் போகச் சைக்கிளோடு நின்றிருந்தார். எங்களைப் பார்த்ததும் முகம் சுருங்கியது.

"என்ன இது? பிள்ளையக் கூட்டிட்டு வரப்புடாதுன்னு சொன்னோம்லா? நாளையிலேர்ந்து நீ வராண்டாம்."

அம்மாவின் இடுப்பு ஒரு நொடி இறுகியதை என் தொடையில் உணர்ந்தேன். அந்த வருஷம் வீட்டில் அடுப்பு எரிந்ததே அந்த வேலையால்தான்.

"இதுக்குக் கால் வரல சார். திடீர்னு இன்னிக்கித்தான். இத்த யாராண்ட உட்டுட்டு வர்றது?"

அவர் என் தொங்கும் கால்களையே பார்த்தார். சைக்கிளைச் சுவரில் சாய்க்கப் போய் அது விழுந்தது; எடுக்கவில்லை. "காய்ச்சல் அடிச்சுதா? ஊசி எதும் போட்டியா?" என்று கேட்ட குரல் வேறு குரலாக இருந்தது. என் பாதத்தை ஒரு விரலால் தொட்டுப் பார்த்தார். ஃபாக்டரியில் சங்கு ஊதிவிட்டது. "காலையில நானே ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போறேன். டாக்டரு நமக்குத் தெரிஞ்சவருதான்" என்று சொல்லிவிட்டு, சைக்கிளை நிமிர்த்திக்கொண்டு, திரும்பித் திரும்பிப் பார்த்தபடி போனார்.

அந்த வீட்டில் மின்சார விளக்கு இருந்தது. கட்டிலில் அந்தம்மா சாய்ந்து படுத்திருந்தார். வெள்ளையாக, சின்ன முகமாக, பெரிய கண்களோடு இருந்தார். அம்மா அவருக்கு எல்லாம் செய்து முடித்து, கொசுவலையைச் செருகிவிட்டு, கட்டிலுக்குக் கீழே பாயை விரித்துப் பக்கத்தில் என்னைப் போட்டுக்கொண்டாள். எத்தனையோ நாளைக்குப் பிறகு அம்மா. என் கால் அதுபாட்டுக்குப் போய் அம்மாவின் கால்களுக்கு நடுவில் நுழைந்துகொண்டது. இடதா வலதா என்று எனக்குத் தெரியாது. அம்மா கால்களைக் கொஞ்சம் சேர்த்துப் பிடித்துக்கொண்டாள்.

நடுவில் விழித்தபோது அம்மா பக்கத்தில் இல்லை. அந்தம்மாவைத் தோளையும் இடுப்பையும் பிடித்து ஒருக்களித்துப் படுக்கவைத்து, முட்டிகளுக்கு நடுவில் தலையணை வைத்து, குதிகாலில் எண்ணெய் தேய்த்துக்கொண்டிருந்தாள். "இப்டி இருக்கட்டுமா? இன்னும் கொஞ்சம் தள்ளட்டுமா?" என்று எங்களிடம் ஒருநாளும் பேசாத மெதுவான குரலில் கேட்டாள். எனக்கு அந்தம்மாமேல் பொறாமையாக இருந்தது. பிறகு ஒத்தடத்துக்கு வெந்நீர் வைக்க அம்மா சமையலறைக்குப் போனாள்.

"ஏட்டி" என்று கட்டிலிலிருந்து குரல் வந்தது.

தூங்குகிற மாதிரி இருந்தேன்.

"முழிச்சிட்டுத்தான கெடக்க? காலு வராத பிள்ள, கொசு கடிச்சா ஒரு கால வச்சு இன்னொரு கால சொறியுமா?"

எனக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது.

"அழாத. நான் யார்ட்டயும் சொல்ல மாட்டேன். ஆனா ஒனக்கு நடிக்கத் தெரியல. இங்கன வந்து பாரு. என் காலத் தூக்கி விடு."

எழுந்து போய்ப் பார்த்தேன். கால் வராதவள் எப்படி எழுந்து வருவாள் என்று எனக்கு அப்போது தோன்றவேயில்லை. அவர் காலைக் கொஞ்சம் தூக்கி விட்டேன். பொத்தென்று விழுந்தது.

"பாத்தியா? இப்படி விழணும். நீ பூ வைக்க மாதிரி மொள்ள வைக்க. வெரலும் ஆடப்புடாது. நாலு நாளாவது வராம வச்சுக்கோ, என்ன?"

சரி என்றேன். சுவரில் ஒரு சின்னப் பெண்ணின் படம் மாட்டியிருந்தது. யார் என்று கேட்டேன்.

"எம் மவ. ஒன் வயசுதான். ஊருல அவ ஆச்சிட்ட வளருதா."

"இவ்ளோ பெரிய லைட்டு கீற ஊட்ட உட்டுட்டு அங்க ஏன் கீறா?"

"என்னால தூக்க முடியாதுல்லா."

"ஏழு வயசுப் பொண்ண யாரு தூக்குவாங்க? அவளே நடந்துக்க மாட்டாளா?" என்றேன்.

அந்தம்மா சிரிக்க ஆரம்பித்தவர் நிறுத்த முடியாமல் கண்ணைத் துடைத்துக்கொண்டே சிரித்தார். வெந்நீரோடு வந்த அம்மா எங்கள் இருவரையும் பார்த்துவிட்டு, நான் நின்றுகொண்டிருந்ததைப் பற்றி ஒன்றும் கேட்காமல், "போய்ப் படு" என்றாள்.

இவ்வளவு பயிற்சியும் வீணாகத்தான் போனது. விடிந்ததும் வீட்டுக்காரர் மூச்சிரைக்க வந்தார். சைக்கிளின் பின்னால் நான் உட்காரத் தலையணை கட்டியிருந்தார். டாக்டரிடம் பேசிவிட்டாராம், முதுகுத்தண்டில் ஒரு ஊசி போட்டு நீர் எடுத்துப் பார்த்தால் தெரிந்துவிடுமாம். ஊசி எவ்வளவு நீளம் என்று பாவம் அந்த மனிதர் கையால் காட்டினார். காட்டிய கையை அவர் இறக்குவதற்குள் நான் தெருமுனையில் இருந்தேன். குவார்ட்டர்ஸ் வரிசையில் பால் வாங்க நின்றவர்கள் எல்லாரும் பார்த்தார்கள்.

அம்மா என்னைப் பிடித்து இழுத்துக்கொண்டு வந்தாள். வேலை போய்விட்டது என்று நினைத்துத் தலையைக் குனிந்துகொண்டு நின்றாள். வீட்டுக்காரர் வாசல்படியில் உட்கார்ந்துவிட்டார். கோபப்படுவார் என்று பார்த்தால், அவர் முகத்தைத் துண்டால் மூடிக்கொண்டு அப்படியே இருந்தார். உள்ளேயிருந்து அந்தம்மா கூப்பிட்டுச் சொன்னார்:

"ஏங்க, பிள்ள நல்லா இருக்கில்லா, அதுக்கு எதுக்கு இப்படி இருக்கிய? ராத்திரி எனக்குப் பேச்சுத் துணைக்கு அது வரட்டும்."

அவர் துண்டை எடுத்தார். கண் சிவந்திருந்தது.

"கூட்டிட்டு வா" என்றார் அம்மாவிடம். "ஆனா நடந்துதான் வரணும், கேட்டியா."

அப்படித்தான் ஆயிற்று. அந்த மனிதருக்கு மாற்றலாகிப் போகிற வரைக்கும் நான் தினமும் அம்மாவோடு போனேன். ராத்திரி அம்மா கிடைத்தாள். ஆனால் ஏரிக்கரையில் அம்மா வேகமாக முன்னால் நடப்பாள், நான் பின்னால் ஓடுவேன். பேச்சும் கிடையாது, சங்கு ஊதுவதற்குள் போய்ச் சேர வேண்டும். ஒருநாள் ரயில்பாதைக்குப் பக்கத்தில் நின்றுகொண்டு, "தூக்கும்மா" என்றேன். "கால்தான் வந்துடுச்சே" என்று சொல்லிவிட்டுப் போய்க்கொண்டே இருந்தாள். அதற்குப் பிறகு அம்மா என்னைத் தூக்கவே இல்லை.

நான் அம்மாவை ஏமாற்றிவிட்டேன் என்றே ரொம்ப காலம் நினைத்துக்கொண்டிருந்தேன். அதில் எனக்குக் கொஞ்சம் பெருமைகூட உண்டு. ஏழு பேரைத் தூக்கி வளர்த்தும் எனக்கு இது விளங்கவில்லை. இப்போது அசையாமல் கிடக்கும்போதுதான் ஒவ்வொன்றாக யோசிக்கிறேன். தினமும் எத்தனையோ தரம் வராத காலைப் பிடித்துத் தூக்குகிறவளுக்கு, வருகிற கால் எது என்று தொட்டதுமே தெரியாதா? நான் காலை மாற்றிச் சொன்னதும் அவள் ஏன் இறக்கி விடவில்லை? கரையைத் தாண்டினால் பார்க்க யாருமில்லை. பகலெல்லாம் வேலை செய்துவிட்டு, ராத்திரி முழுக்க விழித்திருக்கப் போகிறவள். "நடடி கழுதை" என்று ஒரு அறை விட்டிருக்கலாம். வண்டி வந்ததே, அதிலாவது ஏறியிருக்கலாம். கிட்டதான் என்றாள். எனக்குத்தான் அம்மா வேண்டியிருந்தது என்று நினைத்துக்கொண்டிருந்தேன். அவளுக்கும் நான் வேண்டியிருந்தேன் என்பது ஏழு வயதில் எனக்கு எப்படித் தெரியும்?

போதும், எழுதினது போதும். படி கண்ணு. மொதல்லேர்ந்து வாணாம். ஏரிக்கரையில ஏறின எடத்துலேர்ந்து படி. மெதுவா படி. நீ வேகமா படிச்சா குவார்ட்டர்ஸ் வந்துடும்.